காலனி கால அமெரிக்கப் பெண்ணின் பிறந்த வீட்டைக் கண்டறிவது எப்படி?

அமெரிக்கக் குடும்பமொன்றின் வம்சாவளியைத் தேடத் தொடங்கும் புதியவர், ஆண் முன்னோர்களைக் குடும்பப்பெயரின் துணையுடன் 1600-கள் வரைகூடத் தொடர்ந்து சென்றுவிட முடியும். ஆனால் அந்த ஆண்களின் மனைவியர் பெரும்பாலும் மேரி, ஹன்னா, சாரா என்ற முதற்பெயரோடு நின்றுவிடுகிறார்கள். அவர்கள் எந்த வீட்டுப் பெண்கள், யார் பெற்ற மகள்கள் என்ற விவரம் எளிதில் கிடைப்பதில்லை. 1607-இல் வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் குடியேற்றம் தொடங்கியதிலிருந்து 1776-இல் விடுதலை அறிவிக்கப்பட்டது வரையிலான காலத்துப் பெண்களைத் தேடுவோர் அனைவரும் சந்திக்கும் தடை இது.

இதற்குக் காரணம் அக்காலச் சட்டம். காலனிகளில் வழங்கிய ஆங்கிலப் பொதுச் சட்டத்தின்படி, திருமணமான பெண்ணின் சட்ட உரிமைகள் கணவனின் உரிமைகளுக்குள் அடங்கிவிட்டன. அவர் கொண்டுவந்த ரொக்கமும் பொருளும் கணவனுடையவை ஆயின. தம் பெயரில் வழக்குத் தொடுக்கவோ, கணவனின் இசைவின்றி உயில் எழுதவோ பொதுவாக அவரால் இயலாது. வரிப் பட்டியலிலும் குடும்பத் தலைவரின் பெயரே இருக்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் உதவாது: முதல் கணக்கெடுப்பே 1790-இல்தான் நடந்தது, அதிலும் குடும்பத் தலைவரைத் தவிர மற்றவர்கள் வெறும் எண்ணிக்கைதான். வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிப் பதிவுசெய்தது 1850-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு.

ஆகவே அந்தப் பெண்ணின் பெயரைத் தேடல் பெட்டியில் தட்டிப் பார்ப்பது பெரும்பாலும் பயன் தராது. சட்டமும் திருச்சபையும் எந்தத் தருணங்களில் அவருடைய பெயரையோ கையெழுத்தையோ சம்மதத்தையோ கட்டாயமாகக் கேட்டன என்பதை அறிந்து, அந்தத் தருணங்களின் ஆவணங்களுக்குள் செல்ல வேண்டும். கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த ஒரே எண்ணத்தைச் சுற்றியே அமைந்துள்ளன. எடுத்துக்காட்டாகப் பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் தங்கை ஜேன் மீகமின் குடும்பத்தைப் பல இடங்களில் காட்டியிருக்கிறேன். அண்ணன் புகழ்பெற்றவர் என்பதால் இக்குடும்பத்தின் ஆவணங்கள் நன்கு அறியப்பட்டவை. முறையைக் கற்க அதுவே வசதி.

முதற்படி: ஊரையும் ஆட்சியையும் உறுதி செய்தல்

பெயரைத் தேடுவதற்கு முன் இடத்தைத் தேடுங்கள். அந்தப் பெண் மனைவியாகவோ தாயாகவோ முதன்முதலில் எந்த ஊர் ஆவணத்தில் வருகிறார், அந்த ஆண்டில் அந்த ஊர் எந்தக் கவுண்டியிலும் எந்தக் காலனியிலும் இருந்தது என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டி என்பது நம் மாவட்டத்தைப் போன்ற நிர்வாகப் பிரிவு. உயில்களும் பத்திரங்களும் பல காலனிகளில் அந்த அளவில்தான் பாதுகாக்கப்பட்டன. எல்லைகள் அடிக்கடி மாறின. ஜேனின் தாய் அபையா ஃபோல்ஜர் 1667-இல் நான்டக்கெட் தீவில் பிறந்தார். இன்று அத்தீவு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிறது. அபையா பிறந்தபோது அது நியூயார்க் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1690-களின் தொடக்கத்தில்தான் மாசசூசெட்ஸின் கைக்கு வந்தது. இதை அறியாதவர் மாசசூசெட்ஸ் அரசு ஆவணங்களை மட்டும் புரட்டிவிட்டு எதுவும் இல்லை என்று முடிவுகட்டிவிடுவார். மெய்ன் மாநிலமும் 1820 வரை மாசசூசெட்ஸின் பகுதியாகவே இருந்தது. சிகாகோவின் நியூபெரி நூலகம் உருவாக்கிய கவுண்டி எல்லை வரலாற்று வரைபடத் தொகுப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆண்டைக் குறிப்பிட்டால் அன்றைய எல்லையைக் காட்டும்.

எந்தக் காலனி என்பதைப் பொறுத்து எந்த ஆவணம் கைகொடுக்கும் என்பதும் மாறும். மாசசூசெட்ஸ், கனெக்டிகட் முதலிய நியூ இங்கிலாந்துப் பகுதிகளில் நகர எழுத்தர்கள் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதிந்தனர். மாசசூசெட்ஸ் நகரங்கள் பலவற்றின் 1850 வரையிலான பதிவுகள் அச்சில் வந்துள்ளன. கனெக்டிகட்டுக்கு, நகரப் பதிவுகளைத் திரட்டிய பார்பர் தொகுப்பு உண்டு. வர்ஜீனியாவில் இங்கிலாந்துத் திருச்சபையின் பங்குப் பதிவேடுகள்தான் முதன்மையானவை (பங்கு என்பது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி). நியூயார்க்கில் டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையின் ஏடுகளும், பென்சில்வேனியாவில் குவேக்கர் என்ற கிறித்தவ சபையின் ஏடுகளும் பெரும் செல்வம்.

இரண்டாம் படி: தேதியையும் உறவுச் சொற்களையும் படிக்கக் கற்றல்

ஆவணத்தைத் திறப்பதற்கு முன்பே இதைக் கற்றுக்கொள்வது நல்லது. 1752-க்கு முன் ஆங்கிலேயக் காலனிகளில் சட்டப்படியான புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்தது. அதனால் ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான நாட்களுக்கு 1705/06 என்று இரட்டை ஆண்டு எழுதும் வழக்கம் இருந்தது. பெஞ்சமின் பிறந்தது பழைய முறைப்படி 1705/06 ஜனவரி 6. புதிய முறைப்படி, இரு நாட்காட்டிகளுக்கும் இடையிலான பதினொரு நாளையும் சேர்த்து, 1706 ஜனவரி 17. ஜேன் பிறந்தது 1712 மார்ச் 27. மூன்று நாள் முந்திப் பிறந்திருந்தால் அவருடைய ஆண்டு 1711/12 என்று எழுதப்பட்டிருக்கும். குவேக்கர்கள் மாதங்களுக்குப் பெயர் சொல்லாமல் எண் மட்டும் எழுதினார்கள். 1752-க்கு முன் அவர்களுடைய முதல் மாதம் மார்ச், பன்னிரண்டாம் மாதம் பிப்ரவரி. இந்தக் கணக்குத் தவறினால், திருமணத்துக்கு முன்பே குழந்தை பிறந்ததாகவோ, தாய் இறந்தபின் மகள் பிறந்ததாகவோ தோன்றி, ஒருவரை இருவராகப் பிரித்துவிடுவோம்.

உறவுச் சொற்களிலும் எச்சரிக்கை தேவை. இன்று மருமகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அன்று கணவனின் அல்லது மனைவியின் முந்தைய திருமணத்து மகளையும் குறித்தது. 'கசின்' என்பது உடன்பிறந்தாரின் பிள்ளையாகவும் இருக்கலாம். 'மிஸ்ட்ரஸ்' என்ற அடைமொழி சமூக மதிப்பைக் காட்டியதே தவிர, மணமானவர் என்பதற்குச் சான்றல்ல. உயிலில் 'என் இப்போதைய மனைவி' என்று வந்தால் முந்தைய மனைவி ஒருத்தி இருந்தார் என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். சொத்து யாருக்கு என்பதில் ஐயம் எழாமலிருக்க வழக்கறிஞர்கள் எழுதிய வாசகம் அது. செல்லப் பெயர்களின் பட்டியலையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள்: பாலி என்பவர் மேரி, பாட்சி என்பவர் மார்த்தா, நான்சி என்பவர் ஆன், சாலி என்பவர் சாராவாக இருக்கக்கூடும். எழுத்துக்கூட்டலும் காதில் விழுந்தபடி எழுதப்பட்டதால், ஒரே குடும்பப்பெயர் ஒரே பக்கத்திலேயே இருவிதமாக வரும்.

மூன்றாம் படி: பிள்ளைகளை வரிசைப்படுத்துதல்

கணவனின் பிள்ளைகள் அனைவரையும் பிறந்த ஆண்டு வரிசையில் எழுதி, ஒவ்வொரு பதிவிலும் தாயின் முதற்பெயர் என்ன என்று பாருங்கள். ஜேனின் தந்தை ஜோசையா ஃபிராங்க்ளினுக்குப் பதினேழு பிள்ளைகள். முதல் எழுவரின் தாய் ஆன். பிந்தைய பதின்மரின் தாய் அபையா. ஆன் இறந்ததும் அபையாவை அவர் மணந்ததும் 1689-இல். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே தாய்க்கு உரியவர்களாகக் கருதும் தவறு இணையத்து வம்சாவளி மரங்களில் ஏராளம். தாயின் பெயர் மாறும் இடமும், இரு பிள்ளைகளுக்கு நடுவே வழக்கத்தைவிட நீண்ட இடைவெளி விழும் இடமும் கவனத்துக்குரியவை; அந்த ஆண்டுகளுக்குள்தான் ஓர் இறப்பையும் ஒரு மறுமணத்தையும் தேட வேண்டும். இரு மனைவியருக்கும் ஒரே முதற்பெயர் இருந்த குடும்பங்களும் உண்டு என்பதால், பெயர் மாறவில்லை என்பதை மட்டும் வைத்து நிறைவடைய வேண்டாம்.

குடும்பத்தாரே எழுதிவைத்த குறிப்பு கிடைத்தால் அதற்கு ஈடு இல்லை. ஜேன் மீகம் சில தாள்களை நூலால் தைத்து ஒரு சிறு ஏடு செய்து, அதில் தம் குடும்பத்துப் பிறப்புகளையும் இறப்புகளையும் தம் கையாலேயே எழுதினார். 'வயதுகளின் ஏடு' என்பது அதற்கு அவர் இட்ட பெயர். முதலில் தம் பிறந்த நாள். அடுத்து 1727 ஜூலை 27-இல், பதினைந்து வயதில், எட்வர்டு மீகமுடன் நடந்த திருமணம். அதற்கடுத்து 1729 ஜூன் 4-இல் பிறந்து, ஓராண்டு நிறைவதற்குள் 1730 மே 18-இல் இறந்துபோன தலைமகன் ஜோசையா. பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்ற அந்தத் தாய் 1794-இல் இறந்தபோது உயிரோடிருந்தவர் ஒரே ஒரு மகள். பள்ளிக்குச் செல்லும் வாய்ப்பில்லாத ஒரு பெண் தாமே தைத்து எழுதிய அந்தத் தாள்கள் இன்று பாஸ்டனில், 1845-இல் நிறுவப்பட்ட நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிக் கழகத்தில் காக்கப்படுகின்றன. இவ்வகை ஏடுகளும் குடும்ப விவிலியக் குறிப்புகளும் மகள்கள் வழியாகவே பல வீடுகளில் கைமாறியுள்ளன. ஆகவே மகன் வழிப் பேரர்களைப் போலவே மகள் வழிப் பேரர்களின் தொகுப்புகளையும் கேட்டுப் பாருங்கள்.

நான்காம் படி: தந்தை, சகோதரர் ஆகியோரின் உயில்கள்

பெண்ணின் பிறந்த வீட்டைக் காட்டும் ஆவணங்களுள் முதலிடம் உயிலுக்குத்தான். மணமான மகளுக்கோ சகோதரிக்கோ ஏதேனும் விட்டுச் செல்பவர், அவரைப் புகுந்த வீட்டுப் பெயரால் குறிப்பிடுவார். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1788-இல் எழுதிய உயிலில் பாஸ்டன் யூனிட்டி தெருவில் இருந்த வீட்டையும் மனையையும் சகோதரி ஜேன் மீகமுக்கு எழுதிவைத்தார். ஆன் ஹாரிஸ், சாரா டேவன்போர்ட், லிடியா ஸ்காட் ஆகிய சகோதரிகளின் வழித்தோன்றல்களுக்கும் பணம் ஒதுக்கினார். ஒரே தந்தைக்குப் பிறந்த நான்கு பெண்கள் நான்கு குடும்பப்பெயர்களில் நிற்பதை அந்த ஒரே உயில் இணைத்துவிடுகிறது. அதே உயில் ஒரு பாடமும் கற்பிக்கிறது: ஆன் ஹாரிஸ் முதல் மனைவியின் மகள், உயிலோ அவரையும் சகோதரி என்றே சொல்கிறது. தந்தை ஒருவரே என்று அறியலாமே தவிர, தாய் யார் என்பதை உயிலிலிருந்து முடிவு செய்யக் கூடாது.

நடைமுறையில் செய்ய வேண்டியது இது. அந்தப் பெண்ணின் ஊரிலும் அண்டை ஊர்களிலும், அவருடைய பெற்றோர் தலைமுறையைச் சேர்ந்த ஆண்களின் உயில்களை எடுத்து, அவற்றில் அவருடைய கணவனின் பெயர் வருகிறதா என்று தேடுங்கள். முன்பு இதற்கு நீதிமன்ற ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டியிருந்தது. இப்போது ஃபேமிலிசர்ச் தளம் கையெழுத்துப் பிரதிகளைக் கணினியால் படிக்கவைத்து, உயில், நில ஆவணங்களின் முழு வாசகத்திலும் தேடும் வசதியை இலவசக் கணக்கு வைத்திருப்பவர்களுக்குத் தருகிறது. அட்டவணையில் ஏறாத மருமகனின் பெயரும், சாட்சியின் பெயரும், கடன்காரரின் பெயரும் அதில் அகப்படுகின்றன. பழைய கையெழுத்தில் கணினி தவறாகப் படிப்பது இயல்பு என்பதால், பல எழுத்துக்கூட்டல்களில் தேடிப் பார்த்து, கிடைத்ததை மூலப் படத்துடன் ஒப்பிட்டுவிடுங்கள்.

உயில் எழுதாமல் இறந்தவரின் கோப்பு அதைவிடப் பயனுள்ளதாக அமைவதும் உண்டு. சொத்தைச் சட்டப்படி பங்கிட வேண்டியிருந்ததால் வாரிசுகள் அனைவரையும் பெயர் சொல்ல வேண்டும். மாசசூசெட்ஸில் கைம்பெண்ணுக்கு உரிய பங்கும், மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கும் போக, மகள்களுக்கும் பங்கு உண்டு. மகளின் பங்கைப் பெற்றுக்கொண்டதாக மருமகன் கையெழுத்திட்ட ரசீது கோப்புக்குள் இருக்கும். மைனர் பிள்ளைகளுக்குப் பாதுகாவலராக யார் நியமிக்கப்பட்டார் என்பதையும் பாருங்கள். தாய்மாமனோ தாய்வழித் தாத்தாவோ அந்த இடத்தில் வந்தால் அது வலுவான தடயம்.

ஐந்தாம் படி: நிலப் பத்திரங்கள்

ஊரில் கிரயப் பத்திரமும் விடுதலைப் பத்திரமும் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தப் பகுதி எளிதில் பிடிபடும். கணவன் இறந்தால் அவனுடைய நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை மனைவிக்கு இருந்தது. எனவே கணவன் நிலத்தை விற்கும்போது, பிற்காலத்தில் வில்லங்கம் எழாமலிருக்க, மனைவி அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக வாங்குபவர்கள் எழுதி வாங்கினார்கள். வர்ஜீனியாவில் கணவனை அப்புறப்படுத்தி, மனைவியைத் தனியே விசாரித்து, கட்டாயமின்றிச் சம்மதிக்கிறாரா என்று கேட்டுப் பதிந்தார்கள். ஒரு குறிப்பிட்ட நாளில் அந்தப் பெண் உயிரோடு இருந்தார், அவருடைய முதற்பெயர் இது என்பதற்கு இவை உறுதியான சான்றுகள்.

இவற்றைவிடச் சிறந்தவை வாரிசுகள் கூடி எழுதிக்கொடுத்த பத்திரங்கள். தந்தை இறந்து பல ஆண்டுகள் கழித்து, மகன்களும் மகள்களும் மருமகன்களும் ஒன்றுசேர்ந்து பூர்வீக நிலத்தை விற்கும்போது, யார் யாருடைய மனைவி, யாருக்கு எத்தனை பங்கு என்பதெல்லாம் ஒரே தாளில் வந்துவிடும். அட்டவணையில் முதல் விற்பவரின் பெயர் மட்டுமே இருக்கக்கூடும் என்பதால், சகோதரர்களின் பெயர்களிலும் தேட வேண்டும். கணவன் விற்கும் நிலம் அவனுக்கு எப்படி வந்தது என்ற வாசகத்தையும் தவறாமல் படியுங்கள். கிரயமாக வாங்கியதாகக் குறிப்பில்லையென்றால், அது மனைவி வழியாக வந்த நிலமாக இருக்க வாய்ப்புண்டு.

ஆறாம் படி: திருச்சபை ஏடுகள்

நியூ இங்கிலாந்துச் சபைகளில் உறுப்பினர் பட்டியலில் பெண்கள் தம் பெயரிலேயே சேர்க்கப்பட்டார்கள். ஊர் மாறும்போது பழைய சபையிலிருந்து பெற்றுவரும் கடிதம் அவர் எங்கிருந்து வந்தார் என்பதைச் சொல்லும். டச்சு ஏடுகளில் பெண்கள் மணமான பின்னும் பிறந்த வீட்டுப் பெயரோடு, அல்லது தந்தையின் முதற்பெயரைச் சேர்த்து, குறிக்கப்பட்டதால் வேலை பெரிதும் குறைகிறது; குழந்தையின் திருமுழுக்குக்குச் சாட்சி நின்றவர்களில் தாத்தா பாட்டியும் மாமன் அத்தையும் இருப்பார்கள். 1664-இல் ஆங்கிலேயர் டச்சுக் காலனியான நியூ நெதர்லாந்தை (பின்னாளைய நியூயார்க் பகுதி) கைப்பற்றிய பிறகும் இந்த வழக்கம் உடனே மறையவில்லை. குவேக்கர் திருமணச் சான்றில் வந்திருந்த அனைவரும் கையெழுத்திட்டார்கள். மணமக்களின் பெயர்களுக்குக் கீழே உறவினர் வரிசை வரும். இந்த ஏடுகளில் பெரும்பகுதி பென்சில்வேனியாவின் ஸ்வார்த்மோர், ஹேவர்ஃபோர்டு கல்லூரிகளில் இருக்கிறது.

திருமணப் பதிவில் இருக்கும் குடும்பப்பெயரைப் பிறந்த வீட்டுப் பெயர் என்று உடனே நம்பிவிட வேண்டாம். மணமகள் கைம்பெண்ணாக இருந்தால் அது முதல் கணவனின் பெயர். சென்னைக் கோட்டையிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. பாஸ்டனில் 1649-இல் பிறந்து, பின்னாளில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநரான எலிஹு யேல், 1680-இல் அங்குள்ள புனித மரியாள் தேவாலயத்தில் கேத்தரின் ஹின்மர்ஸை மணந்தார். அந்தத் தேவாலயத்தின் முதல் திருமணப் பதிவு அது. ஹின்மர்ஸ் என்பது கேத்தரினின் முதல் கணவருடைய பெயர்.

ஏழாம் படி: நீதிமன்ற ஏடுகளும் உடன்பிறந்த பெண்களும்

சாட்சி சொல்லப் பெண்கள் நீதிமன்றம் வந்தார்கள். 'சுமார் நாற்பது வயது' என்று வாக்குமூலத்தின் தொடக்கத்திலேயே வயதும் எழுதப்பட்டது. மாசசூசெட்ஸின் சேலம் ஊரில் 1692-ஆம் ஆண்டு நடந்த சூனியக்கார வழக்குகளில் ரெபெக்கா நர்ஸ், மேரி ஈஸ்டி, சாரா க்ளாய்ஸ் என்று மூன்று பெண்கள் குற்றஞ்சாட்டப்பட்டனர். குடும்பப்பெயரை மட்டும் பார்ப்பவருக்கு இவர்கள் தொடர்பற்ற மூவர். உண்மையில் மூவரும் டவுன் குடும்பத்தின் மகள்கள். மேரியும் சாராவும் தாங்கள் சகோதரிகள் என்று சொல்லிச் சேர்ந்தே மனு எழுதினார்கள். ரெபெக்கா அவ்வாண்டு ஜூலையிலும் மேரி செப்டம்பரிலும் தூக்கிலிடப்பட்டனர். சாரா உயிர் தப்பினார். ரெபெக்காவின் திருமுழுக்குப் பதிவு இங்கிலாந்தின் கிரேட் யார்மத் ஊரில் 1621-ஆம் ஆண்டில் கிடைக்கிறது. தேடும் பெண்ணைப் பற்றி ஒன்றும் கிடைக்காதபோது, அவருக்குச் சகோதரியாக இருக்கக்கூடியவர்களைப் பின்தொடர்வதே பல நேரங்களில் வழி திறக்கும்.

வர்ஜீனியாவில் பல கவுண்டிகளின் நீதிமன்ற ஆவணங்கள் தீயில் அழிந்தன. ஜார்ஜ் வாஷிங்டனின் மனைவி மார்த்தா பிறந்த நியூ கென்ட் அவற்றுள் ஒன்று. ஆனாலும் அங்குள்ள புனித பேதுரு பங்கின் பதிவேடு பிழைத்தது. அழிந்த கவுண்டி என்று கைவிடாமல், பங்கு ஏடுகளையும், காலனி அரசின் நில மானிய ஏடுகளையும், அண்டைக் கவுண்டிகளையும் பாருங்கள்.

அடிமைப்படுத்தப்பட்ட பெண்களைத் தேடுவோர்

இவர்களுக்கான பாதை வேறு. அடிமைப்படுத்திய குடும்பத்தின் உயில்களிலும், சொத்துப் பட்டியல்களிலும், விற்பனைப் பத்திரங்களிலும், பண்ணைக் கணக்கேடுகளிலும் முதற்பெயருடன், பல நேரங்களில் விலையுடன், இப்பெண்கள் எழுதப்பட்டிருக்கிறார்கள். படிக்கவே நெஞ்சு பதறும் தாள்கள் இவை. ஆயினும் விடாமல் படிக்க வேண்டியவை. பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்று 1662-இல் வர்ஜீனியா சட்டமியற்றியதால், உரிமை கோரும் வழக்குகளில் தாய் யார், தாயின் தாய் யார் என்ற சாட்சியம் பதிவானது. அச்சட்டத்துக்குச் சில ஆண்டுகள் முன், ஆங்கிலேயத் தந்தைக்கும் ஆப்பிரிக்கத் தாய்க்கும் பிறந்த எலிசபெத் கீ, வர்ஜீனியாவில் வழக்காடி விடுதலை பெற்றார். அவருடைய தந்தை யார் என்பதற்குச் சாட்சிகள் சொன்ன வாக்குமூலங்கள் இன்றும் உள்ளன. விடுதலை வழக்குகளைக் கவுண்டி நீதிமன்ற ஏடுகளில் தனியே தேடுங்கள். ஒரே முதற்பெயர் கொண்ட பலர் இருப்பார்கள் என்பதால், உரிமை கொண்டாடிய குடும்பத்தின் ஒவ்வொரு தலைமுறைப் பங்கீட்டையும் வரிசையாகத் தொடர்ந்தால்தான் ஒருவரையே பின்தொடர்கிறோம் என்பது உறுதியாகும்.

எட்டாம் படி: சான்றை எழுதி முடித்தல்

திருமணப் பதிவே இல்லாத பெண்ணுக்கு, பல மறைமுகச் சான்றுகளைச் சேர்த்துத்தான் முடிவு எட்ட முடியும். போதிய அளவு முழுமையான தேடல், ஒவ்வொரு தகவலுக்கும் மூலக் குறிப்பு, சான்றுகளை ஒப்பிட்டு ஆராய்தல், முரண்களைத் தீர்த்தல், காரணங்களோடு எழுதிய முடிவு என்ற ஐந்தையும் அமெரிக்க வம்சாவளி ஆய்வாளர்கள் அளவுகோலாகக் கொள்கிறார்கள். அதே பெயரில் அதே ஊரில் வேறொரு பெண் இருந்தாரா என்பதைச் சோதித்து, இருந்தால் அவர் நாம் தேடுபவர் அல்ல என்பதைக் காட்டாதவரை முடிவு நிலைக்காது. பிள்ளைகளுக்கு இட்ட பெயர்கள் தாத்தா பாட்டி பெயர்களோடு ஒத்துப்போவது நல்ல குறிப்புதான். அதை மட்டும் சான்றாகக் காட்டக் கூடாது.

மரபணுச் சோதனையை இந்தக் கட்டத்தில்தான் பயன்படுத்த வேண்டும். பொதுவாக விற்கப்படும் சோதனை இத்தனை தலைமுறைக்கு அப்பால் வலுவிழந்துவிடும். ஒரு மூதாதையின் மரபணுத் துண்டு எதுவும் எஞ்சாமலே போகலாம். தாய்வழி மைட்டோகாண்ட்ரியச் சோதனை வேறு வகை: அது பார்க்கும் மரபணு தாயிடமிருந்து பிள்ளைகள் அனைவருக்கும் போனாலும், அடுத்த தலைமுறைக்குக் கடத்துபவர்கள் மகள்கள் மட்டுமே. நீங்கள் தேடும் பெண்ணிடமிருந்து மகள், மகளின் மகள் என்று இடையறாமல் வரும் ஒருவரையும், அவருக்குச் சகோதரி என்று நீங்கள் கருதும் பெண்ணிடமிருந்து அவ்வாறே வரும் ஒருவரையும் சோதித்துப் பாருங்கள். இரண்டும் தெளிவாக வேறுபட்டால் அவர்கள் ஒரு தாய் மக்கள் என்ற கருத்தைக் கைவிடலாம். ஒத்துப்போனால் தாய்வழி ஒன்றாக இருக்கலாம் என்பதுவரைதான் அது சொல்லும். எந்தத் தலைமுறையில் என்பதற்கு மீண்டும் உயிலுக்கும் பத்திரத்துக்குமே திரும்ப வேண்டும்.